வெள்ளைக் கிடேரியும் மஞ்சள் எலியும்

ரோமத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களே பாலூட்டிகளின் இனப்பெருக்க ஹார்மோன்களையும் மாற்றுகின்றன என்று படித்தேன், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, வீட்டில் ஒரு வெள்ளைக் கிடேரி இருக்கிறது, மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை, நிறம்தான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள், விற்றுவிடலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் கேள்வி உயிரியல் சார்ந்தது. இரண்டாவது உங்கள் தொழுவத்தைச் சார்ந்தது. ஒரு விலங்கின் நிறத்தைப் பார்த்து அதன் கருவளத்தைச் சொல்லிவிட முடியுமா என்பதே நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கால்நடை மருத்துவன். முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதி மாடுகளின் மலட்டுத்தன்மையைப் பார்ப்பதிலேயே கழிந்தது. இடையில் சில ஆண்டுகள் மாணவர்களுக்கு மரபியலும் நடத்தினேன். எலி ஆய்வகத்தில் வேலை செய்தவனல்ல. ஆகவே கீழே எலிகளைப் பற்றி வருவதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது, மாடுகளைப் பற்றி வருவதில் பாதியாவது கையால் தொட்டுப் பார்த்தது என்று வாசியுங்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிற மரபணு ஒன்று மூளைக்குள் புகுந்து இனப்பெருக்கத்தைக் கெடுத்தது ஐயமின்றி நிரூபிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அது எலியில். மற்ற விலங்குகளில் இதே கணக்கில் சேர்த்துப் பேசப்படுபவற்றில் பெரும்பாலானவை வேறு வேறு விஷயங்கள். அவற்றை ஒன்றாகக் கட்டியதால்தான் உங்கள் கிடேரி மீது பழி வந்திருக்கிறது.

சுண்டெலியின் முதுகு ரோமம் ஒன்றைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். நுனி கறுப்பாக இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே மெல்லிய மஞ்சள் பட்டை. அதற்கும் கீழே அடிவரை மீண்டும் கருமை. தூரத்தில் நின்று பார்த்தால் இந்த மூன்றும் கலந்து மண் நிறமாகத் தெரிகிறது. ரோமம் வளரும்போது அதன் வேரில் இருக்கும் நிறமிச் செல்லுக்கு எம்எஸ்எச் என்ற ஹார்மோன் கட்டளையிடுகிறது. அந்தச் செல்லின் மேற்பரப்பில் எம்சி1ஆர் என்ற ஏற்பி இருக்கிறது. ஹார்மோன் அதில் பொருந்தினால் கறுப்பு நிறமி உருவாகும். அகூட்டி என்ற மரபணு வளரும் ரோமத்தில் சில நாட்கள் மட்டும் விழித்து ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம் ஏற்பியில் போய் உட்கார்ந்து ஹார்மோனை நெருங்கவிடாமல் தடுக்கிறது. அந்தச் சில நாட்களில் வளர்ந்த பகுதி மஞ்சளாகிவிடுகிறது. பிறகு அகூட்டி ஓய்ந்துவிடும், கருமை திரும்பிவிடும். இடம் தோல், காலம் சில நாட்கள் என்ற இந்த இரண்டு வரம்புகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மஞ்சள் எலிக்கு வருவோம். உடல் முழுவதும் பொன்மஞ்சளாக இருக்கும் எலிகளை அழகுக்காக வளர்ப்பவர்கள் நெடுநாளாக வைத்திருந்தார்கள். பிரான்சின் நான்சி நகரில் லூசியன் குவேனோ என்ற விலங்கியலாளர் இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். எத்தனை முறை சேர்த்தாலும் மஞ்சள் நிறம் மட்டுமே பிறக்கும் தூய வம்சம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1905இல் அதை வெளியிட்டார். மெண்டல் கணக்குப்படி மஞ்சளும் பிற நிறமும் மூன்றுக்கு ஒன்று என்று வர வேண்டிய இடத்தில் இரண்டுக்கு ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. 1910இல் அமெரிக்காவில் காசில், லிட்டில் என்ற இருவர் விளக்கம் தந்தார்கள். இரண்டு பக்கமும் மஞ்சள் மரபணு வாங்கிய கருக்கள் பிறக்கும் முன்பே இறந்துவிடுகின்றன. ஒரு பிரதி மட்டும் வாங்கியவை பிழைக்கின்றன, மஞ்சளாகின்றன, வயது ஏற ஏறக் கொழுக்கின்றன. நிறம், உயிர், உடல் பருமன் மூன்றும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டிருப்பது அப்போதே தெரிந்தது. காரணம் தெரியவில்லை. அதற்கு இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின.

1992இல் அகூட்டி மரபணுவைத் தனித்துப் பிரித்தார்கள். மஞ்சள் எலியில் நடந்திருப்பது விசித்திரமான விபத்து. ஏறத்தாழ 1,70,000 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று அறுந்து விழுந்திருக்கிறது. அதனால் ராலி என்ற பக்கத்து மரபணுவை முடுக்கிவிடும் விசை அகூட்டியின் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ராலி உடலின் எல்லாத் திசுக்களிலும் எப்போதும் இயங்குவது. ஆகவே தோலில் சில நாட்கள் மட்டும் விழிக்க வேண்டிய அகூட்டி, ஈரல், தசை, மூளை என்று எல்லா இடங்களிலும், வாழ்நாள் முழுவதும் விழித்திருக்கத் தொடங்கியது. வரம்பு இரண்டும் போயிற்று.

மூளையில் அது என்ன செய்யும் என்ற கேள்விக்கு 1994இல் பதில் கிடைத்தது. தோலில் இருக்கும் எம்சி1ஆர் ஏற்பிக்கு உடன்பிறப்புகள் நான்கு உண்டு. அவற்றில் எம்சி4ஆர் மூளையின் ஹைபோதலாமஸில் பசியையும் உடலின் எரிபொருள் கணக்கையும் கவனிக்கிறது. அகூட்டி புரதம் அந்த ஏற்பியிலும் உட்கார்ந்து அடைத்துக்கொள்கிறது. எலிக்குப் பசி அடங்குவதில்லை, தின்றுகொண்டே இருக்கிறது. 1997இல் எம்சி4ஆர் ஏற்பியே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவையும் அதேபோல் கொழுத்தன, ரோமம் மட்டும் மஞ்சளாகவில்லை. அதே ஆண்டில் இன்னொன்றும் வெளிவந்தது. மூளைக்கென்றே அகூட்டியின் நெருங்கிய உறவான புரதம் ஒன்று இயல்பிலேயே இருக்கிறது. அதற்கு ஏஜிஆர்பி என்று பெயர். பசியின்போது அதுதான் எம்சி4ஆர் ஏற்பியை அடைக்கிறது. மஞ்சள் எலியில், ஏஜிஆர்பியின் நாற்காலியில் தோலின் அகூட்டி போய் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு நேரான பகுதி இதற்குப் பிறகு வருகிறது. பெண் மஞ்சள் எலிகள் இளமையில் குட்டி போடுகின்றன. வயது கூடக் கூட, கூடப் பிறந்த கறுப்பு எலிகள் இன்னும் ஈன்றுகொண்டிருக்கும்போதே, இவை நின்றுவிடுகின்றன. 1986இல் வெளிவந்த ஆய்வு இதைப் படிப்படியாக வரும் மலடு என்றே விவரித்தது. இது உறுதியான செய்தி. எந்த வழியாக வருகிறது என்பதில்தான் விவாதம் இருக்கிறது. ஹைபோதலாமஸில் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக விடும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. அந்தத் துடிப்பைக் கேட்டுத்தான் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சுரக்கிறது. அவை சினைப்பைக்குப் போய் முட்டையைப் பழுக்கவைக்கின்றன. எம்எஸ்எச் வகை ஹார்மோன்கள் ஜிஎன்ஆர்எச் செல்களைத் தூண்டுகின்றன என்பதும், அவற்றைத் தட்டியெழுப்பும் கிஸ்பெப்டின் செல்களிலும் எம்சி4ஆர் இருக்கிறது என்பதும் தெரிந்தவை. அப்படியானால் அகூட்டி அங்கே நேரடியாகவே கதவை அடைத்திருக்கலாம். மறுபக்கம், மிகையான கொழுப்பும், உயர்ந்த இன்சுலினும் தாங்களாகவே முட்டை வெளிவருவதைக் குலைக்கக்கூடியவை. மஞ்சள் எலியில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கடினம். "நிற மரபணு ஹார்மோனை மாற்றியது" என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இந்தப் பகுதியை மாணவர்களுக்கு நடத்தும்போது நான் எலியை விட்டுவிட்டு மாட்டுக்கு வந்துவிடுவேன். கன்று ஈன்று இரண்டு மாதம் ஆகியிருக்கும். பால் நன்றாகக் கறக்கும். விலா எலும்பு எண்ணலாம்போல் இருக்கும். பருவத்துக்கே வராது. உள்ளே கைவிட்டுப் பார்த்தால் சினைப்பை இரண்டும் அவரை விதைபோல் சிறுத்து, வழவழப்பாக, எந்தப் புடைப்பும் இல்லாமல் கிடக்கும். அந்த மாட்டுக்கு நோய் ஒன்றும் இல்லை. தின்பதைவிடக் கறப்பது அதிகம். மூளை அதைக் கணக்குப் பார்த்து இப்போது கரு வேண்டாம் என்று வாசலைச் சாத்தியிருக்கிறது. அந்த வாசலில் நிற்பவர்களில் ஒருவர் ஏஜிஆர்பி. லெப்டின் என்ற கொழுப்பு ஹார்மோன் இல்லாமல் பிறக்கும் எலி, உடல் நிறையக் கொழுப்பு இருந்தும் தான் பட்டினி கிடப்பதாகவே எண்ணும். அதனால் மலடாக இருக்கும். அதன் ஏஜிஆர்பி செல்களை அழித்தபோது கருவளம் திரும்பியது என்று 2012இல் காட்டினார்கள். தோலில் மஞ்சள் பட்டை போடும் புரதத்தின் உறவுக்காரர், உணவுக்கும் கருவுக்கும் இடையே காவல் நிற்கிறார். நிறத்துக்கும் இனப்பெருக்கத்துக்கும் உண்மையான உறவு எங்கே என்று என்னைக் கேட்டால், இந்த ஏற்பிக் குடும்பத்தைத்தான் காட்டுவேன்.

அந்தக் குடும்பத்தின் கதை மனிதர்களிலும் தொடர்கிறது. எம்சி3ஆர் என்ற இன்னொரு உடன்பிறப்பு பழுதானவர்கள் பூப்படைவது தாமதமாகிறது என்று 2021இல் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. உடலில் போதிய ஊட்டம் சேர்ந்துவிட்டது என்ற செய்தி அந்த ஏற்பி வழியாகப் போகிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் தோலைக் கறுக்கவைக்க எம்எஸ்எச்சின் செயற்கை வடிவங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவை பாலுணர்வைத் தூண்டுவது தற்செயலாகத் தெரிந்தது. அந்த வழியில் வந்த பிரெமெலனோடைடு என்ற மருந்துக்கு, மாதவிடாய் நிற்கும் வயதை எட்டாத பெண்களின் பாலுறவு விருப்பக் குறைவுக்காக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019இல் ஒப்புதல் அளித்தது. அந்த மருந்தின் பக்க விளைவுகளில் ஒன்று, முகமும் ஈறும் கறுப்பது. 2022இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு என்னைச் சற்று நேரம் நாற்காலியில் அப்படியே உட்காரவைத்தது. செம்பட்டை முடியும் கடும் உடல் பருமனும் கொண்ட ஒரு சிறுமியிடம், மஞ்சள் எலியில் நடந்ததற்கு இணையான விபத்து நடந்திருந்தது. பக்கத்து மரபணுவின் விசைக்குக் கீழ் அகூட்டி மாட்டிக்கொண்டு, இயங்கக் கூடாத திசுக்களில் இயங்கிக்கொண்டிருந்தது. மனிதனின் அதே மரபணு, எலியின் அதே தவறு.

இங்கே ஒரு எதிர் எடுத்துக்காட்டையும் வைக்க வேண்டும். ஐரோப்பிய மாட்டினங்களில் சிவப்பு நிறம் பெரும்பாலும் எம்சி1ஆர் பழுதானதால் வருவது. செம்பட்டைக் குதிரையும் அப்படித்தான், மஞ்சள் லாப்ரடார் நாயும் அப்படித்தான். இந்த விலங்குகளின் ரோமமும் மஞ்சள் எலியின் ரோமமும் ஒரே வகை நிறமியால் ஆனவை. ஆனால் செம்பட்டைக் குதிரை இயல்பாக ஈனுகிறது, சிவப்பு மாடு இயல்பாகச் சினை பிடிக்கிறது. ஏனென்றால் இங்கே கெட்டது தோலின் ஏற்பி மட்டும்தான், மூளையின் ஏற்பிகள் முழுதாக இருக்கின்றன. நிறம் ஒன்றாகவே இருந்தாலும், எந்த மரபணு எந்தத் திசுவில் கெட்டது என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. ஒரு செவலை மாட்டைப் பார்த்து மலட்டு எலியை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்தது வெள்ளை. உங்கள் கிடேரி வெள்ளை என்பதால் இதில் சற்று நின்று பேச வேண்டும். கருவில் நிறமிச் செல்கள் முதுகுத் தண்டின் ஓரத்தில் பிறந்து தோலுக்கு நடந்து போகின்றன. பிற்காலத்தில் முட்டையும் விந்துமாக ஆகப்போகும் மூலச் செல்கள் வேறோர் இடத்தில் பிறந்து, சினைப்பை அல்லது விரை உருவாகும் இடத்துக்கு நடந்து போகின்றன. இரண்டு பயணத்துக்கும் வழித்துணை ஒன்றே. கிட் என்ற ஏற்பியும், அதில் பொருந்தும் இன்னொரு புரதமும் சேர்ந்து அந்தத் துணையைத் தருகின்றன. இதில் கடுமையான பழுது இருக்கும் எலி வெள்ளையாக, இரத்தச் சோகையோடு, மலடாகப் பிறக்கிறது. நிறமிச் செல்லும் போய்ச் சேரவில்லை, கருச் செல்லும் போய்ச் சேரவில்லை. முட்டையே இல்லாத சினைப்பை ஈஸ்ட்ரஜனைப் போதிய அளவு சுரக்காது. அதைப் பார்த்து பிட்யூட்டரி தன் ஹார்மோன்களை இன்னும் அதிகமாக அனுப்பும். இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் மாறியிருப்பது தெரியும். ஆனால் அது விளைவு. காரணம், கருவில் வழி தவறிய செல்கள்.

மாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ஸ்வீடனின் மலை மாடுகளில் வெண்மையை விரும்பித் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். கூடவே சினைப்பையும் விரையும் வளராமல் குறுகிப்போகும் குறை பெருகியது, பெரும்பாலும் இடப்பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் பாதித்த கிடேரி பருவத்துக்கே வராது. வட பின்லாந்து மாடுகளிலும் இதே குறை உண்டு. 2013இல் காரணம் வெளிவந்தது. 6ஆம் குரோமோசோமிலிருந்து கிட் மரபணு அடங்கிய துண்டு ஒன்று பிரதியாகி 29ஆம் குரோமோசோமில் போய் ஒட்டியிருக்கிறது. கரு மூலச் செல்களின் பயணத்தை அது குலைக்கிறது.

ஷார்ட்ஹார்ன், பெல்ஜியன் புளூ என்ற ஐரோப்பிய மாட்டினங்களில் இருப்பது வேறு வகை. அதை "வெள்ளைக் கிடேரி நோய்" என்றே கால்நடை மருத்துவர்கள் அழைத்தார்கள். கிட் ஏற்பியில் பொருந்தும் அந்தத் துணைப் புரதத்தின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஒரு பிரதி வாங்கிய மாடு நிறமும் வெள்ளையும் விரவியதாக இருக்கும், இரண்டு பிரதி வாங்கியது வெள்ளையாகும். அந்த வெள்ளைக் கிடேரிகளில் சிலவற்றுக்குக் கருப்பை, கருப்பை வாய், யோனி ஆகியவற்றில் ஒரு பகுதி உருவாகாமலே போகிறது. சினைப்பை மட்டும் முழுதாக இருக்கும். மாடு முறையாகப் பருவத்துக்கு வரும், முட்டையும் விடும், விந்து போகத்தான் வழியில்லை. ஹார்மோன்கள் அத்தனையும் சரியாக இருந்தும் மலடாக இருக்கும் இந்த மாடு, "நிற மரபணு ஹார்மோனை மாற்றி மலடாக்குகிறது" என்ற பொதுக் கூற்றுக்கு எதிராக நிற்கிறது. உங்கள் ஊரில் யாரோ இந்தப் பெயரைக் கேள்விப்பட்டு, உங்கள் தொழுவத்தோடு முடிச்சுப் போட்டிருக்கலாம் என்று எனக்கு ஐயம்.

மூவண்ண ஆண் பூனையையும் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அதைச் சேர்க்கவே கூடாது. பூனையின் ஆரஞ்சு நிறம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் அந்த மாற்றத்தைத் தனித்தனியே கண்டறிந்து 2025இல் வெளியிட்டன. ஏறத்தாழ 5,000 எழுத்து நீளத் துண்டு ஒன்று விடுபட்டிருக்கிறது. ஆரஞ்சும் கறுப்பும் ஒரே உடலில் திட்டுத்திட்டாக வர இரண்டு எக்ஸ் வேண்டும். ஆகவே அந்த நிறத்தில் ஆண் பிறந்தால் பெரும்பாலும் எக்ஸ்எக்ஸ்ஒய். விரை சிறுத்து, டெஸ்டோஸ்டிரோன் குறைந்து, மலடாக இருப்பது அந்தக் கூடுதல் குரோமோசோமால். ஆரஞ்சு மரபணுவுக்கு இதில் பங்கில்லை. தெருவில் திரியும் முழு ஆரஞ்சு ஆண் பூனையிடம் அதே மரபணு இருக்கிறது. அது எத்தனை குட்டிகளுக்குத் தகப்பன் என்று உங்கள் தெருவே சொல்லும்.

நிறத்துக்கும் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பில் நான் அன்றாடம் கண்ணால் கண்டது எதிர்த் திசையில் ஓடுகிறது. ஹார்மோன்தான் நிறத்தை மாற்றுகிறது. காங்கயம் கன்று செந்நிறமாகப் பிறக்கும். ஆறு மாதத்தில் மயிலையாக மாறத் தொடங்கும். கிடேரி வளர்ந்து வெண்மையோ சாம்பலோ ஆகிவிடும். காளை முதிரும்போது திமிலும் முன்பகுதியும் பின்பகுதியும் கறுத்துக்கொண்டே வரும். அதே காளைக்கன்றைக் காயடித்துவிட்டால் எருதாகி உடல் முழுதும் ஒரே சாம்பலாக நிற்கும். வண்டியில் பூட்டிய எருதையும் கோயில் காளையையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இரண்டுக்கும் மரபணு ஒன்றே, இரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன்தான் வேறு. கோடிக்கரையிலும் வல்லநாட்டிலும் வெளிமானின் ஆண் வயது வந்த பிறகு முதுகு கறுப்பதும் இப்படித்தான். ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் கரும்பிடரிச் சிங்கங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கூடுதல் என்று 2002இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். நம் ஓங்கோல் மாடுகளிலிருந்து பிரேசிலில் உருவான நெலோர் இனத்தில் சில காளைகள் மற்றவற்றைவிட அதிகம் கறுக்கும். அந்த வேறுபாட்டுக்குப் பின்னால் அகூட்டி மரபணுவின் மாற்றங்கள் இருப்பதாக 2021இல் கண்டார்கள். ஹார்மோன் கட்டளையிடுகிறது, அதற்குத் தோல் எவ்வளவு செவிசாய்க்க வேண்டும் என்பதை மரபணு முடிவு செய்கிறது. இங்கே நிறம் ஓர் அறிகுறி. அறிகுறியைக் காரணமாக எடுத்துக்கொண்டால் சிகிச்சை தவறிவிடும்.

சில வேளை நிறமும் இனப்பெருக்கமும் ஒரே எசமானுக்குக் கீழ்ப்பட்டிருக்கும். சைபீரியக் குறுவால் வெள்ளெலிக்குப் பகல் குறுகும்போது ரோமம் வெளுக்கிறது, விரையும் சுருங்குகிறது. இரவின் நீளத்தை மெலடோனின் என்ற ஹார்மோன் சொல்கிறது. அதைக் கேட்டு புரோலாக்டின் குறைவதால் ரோமம் வெளுக்கிறது, பிட்யூட்டரியின் எல்எச், எஃப்எஸ்எச் குறைவதால் விரை சுருங்குகிறது. ஒன்று மற்றொன்றைச் செய்யவில்லை. மெலடோனின், மெலனின் என்ற பெயர் ஒற்றுமையால் குழம்புபவர்கள் பலர். மெலனின் நிறமி, மெலடோனின் ஹார்மோன். 1958இல் அதைப் பிரித்தெடுத்த ஆரன் லெர்னர் தோல் மருத்துவர். மாட்டின் பீனியல் சுரப்பியிலிருந்து அவர் தேடியது, தவளைத் தோலை வெளுக்கச் செய்த பொருளை. அதனால் பெயர் அப்படி அமைந்தது.

இனி ஐயத்துக்குரியது. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர் 1959இல் தொடங்கி, லுட்மிலா துருட் தொடர்ந்து நடத்திய நரி ஆய்வைப் பலர் சான்றாகக் காட்டுகிறார்கள். சாதுவான நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். சில தலைமுறைகளில் நெற்றியில் வெள்ளைப் பொட்டு வந்தது, மன அழுத்த ஹார்மோன்கள் குறைந்தன, நரிகள் முன்கூட்டியே பருவமடைந்தன, சில பருவகாலத்துக்கு வெளியிலும் இணைந்தன. நிறமிச் செல்லும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியும் கருவில் முதுகுத் தண்டின் ஓரத்தில் பிறக்கும் ஒரே நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து வருவதால் எல்லாம் ஒரே நூலில் கோத்தவை என்று 2014இல் ஒரு கருதுகோள் வந்தது. அழகான கருதுகோள், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த நரிகளின் முன்னோர் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவுப் பண்ணைகளிலிருந்து வந்தவை, நிற மாற்றங்களும் மனிதப் பழக்கமும் அங்கேயே இருந்தன என்று 2019இல் வந்த மறுஆய்வு எடுத்துக்காட்டியது. ஒரு சிறிய கூட்டத்திலிருந்து தொடங்கும்போது தொடர்பற்ற இரண்டு பண்புகள்கூட ஒன்றாகப் பெருகலாம். ஆகவே இதை நிரூபணமாக நான் ஏற்பதில்லை, மறுப்பதும் இல்லை. ஸ்காட்லாந்தின் செயிண்ட் கில்டா தீவில் சோய் செம்மறிகளிலும் இப்படி ஒரு பாடம் இருக்கிறது. கருநிற ஆடுகள் உடல் பெரிதாக இருந்தும் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வந்தன. நிற மரபணு செய்த வேலையாக அது தெரியவில்லை, அதே குரோமோசோமில் அதனருகே உட்கார்ந்திருக்கும் வேறு மரபணுக்களின் வேலையாக இருக்கலாம் என்பதுதான் 2008இல் வந்த விளக்கம்.

இப்போது உங்கள் கிடேரி. அதன் விலாப்பக்கத்து ரோமத்தை இரண்டு விரலால் பிரித்துத் தோலைப் பாருங்கள். நம் நாட்டு மாடாக இருந்தால் வெள்ளை ரோமத்துக்குக் கீழே தோல் கறுத்திருக்கும். மூக்குக் கறுப்பு, குளம்பு கறுப்பு, இமை கறுப்பு. நிறமிச் செல்கள் தோலுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கின்றன, ரோமத்துக்கு மட்டும் நிறம் ஊட்டவில்லை என்று பொருள். வெளிநாட்டு வெள்ளைக் கிடேரி நோயின் வெண்மை இதுவல்ல. கலப்பினமாக இருந்து தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலும் கலங்க வேண்டாம். நம் ஊர்க் கலப்பினங்களுக்குத் தகப்பன்மார் பெரும்பாலும் ஜெர்சி அல்லது ஹோல்ஸ்டீன். அந்த இனங்களின் வெள்ளைத் திட்டுகளுக்கு மலட்டோடு தொடர்பில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விவசாயி இதேபோல் ஒரு வெள்ளைக் கிடேரியைச் சந்தைக்கு ஓட்டிப்போகும் வழியில் என்னிடம் நிறுத்தினார். கைவிட்டுப் பார்த்தேன். கருப்பை முழுதாக இருந்தது, வலது சினைப்பையில் மஞ்சள் திரள் கைக்குத் தட்டுப்பட்டது, அதாவது முட்டை வெளிவந்திருக்கிறது. பேசிப் பார்த்தால், மாலையில் கத்தத் தொடங்கிய மாட்டுக்கு அவர் ஒவ்வொரு முறையும் மறுநாள் மாலையில்தான் ஊசி போட்டிருக்கிறார், வேலை முடிந்து வந்த பிறகு. காலையில் பருவ அறிகுறி கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்பதுதான் கணக்கு. அடுத்த பருவத்தில் காலையிலேயே போட்டார். நின்றது.

உங்கள் மாட்டிலும் அதுதான் காரணம் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். மூன்று முறை தவறினால் கருப்பையில் கிருமித் தொற்று, முட்டை தாமதமாக வெளிவருவது, தாது உப்புக் குறை என்று பலவும் இருக்கலாம். அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கருப்பையையும் சினைப்பையையும் கைவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறக்கும்போது காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அப்படிப் பிறந்த கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. கூடப் பிறந்த காளையின் ஹார்மோன்கள் கருவிலேயே இரத்தம் வழியாக வந்து அதன் கருப்பையை வளரவிடாமல் செய்துவிடும். ஹார்மோனால் வந்த உண்மையான மலடு அதுதான், நிறம் எதுவாக இருந்தாலும். அதுவரை நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுத்து வாருங்கள். பருவம் எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது, பருவத்தின்போது வடியும் வழும்பு கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறதா அல்லது கலங்கியிருக்கிறதா, மூன்று ஊசியும் அறிகுறி கண்டு எத்தனை மணி நேரம் கழித்துப் போடப்பட்டன என்று குறித்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன். விற்பதை அதுவரை தள்ளிவையுங்கள்.